வயிற்றுக்குள் ஒரு துணிக்குழாய்



துணி என்றதும் நமக்கு என்னென்ன நினைவுக்கு வரும்? வேட்டி, சேலை, லுங்கி, துண்டு, பவானி ஜமுக்காளம். நம் ஜவுளித் துறை மாணவர்களைக் கேட்டால் பாவு, ஊடை, அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கணக்கே சொல்வார்கள். ஆனால் இருதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கி வரும் மிகப் பெரிய ரத்தக்குழாய் பழுதாகிவிட்டால், அந்த இடத்தில் வைத்துத் தைப்பதும் துணிதான் என்று சொன்னால் நம்புவீர்களா? நானும் நம்பவில்லை, எங்கள் அப்புச்சிக்கு அப்படித் தைக்கும் வரை.

அப்புச்சி என்றால் என் அம்மாவைப் பெற்றவர். குழித்தறியில் தொடங்கி விசைத்தறியில் முடித்தவர். பதினைந்து வயதில் தொட்ட பீடியை விடவே இல்லை. நான் முதலாண்டு படிக்கும்போது அவருக்கு வயது 71. முதுகு வலிக்கிறது என்று போய் ஸ்கேன் எடுத்ததில் வயிற்றில் வேறொன்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் முடிந்து பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தார். கூடவே ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு பக்கத் தாளும் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே தாள் நேராக என் கைக்கு வந்துவிட்டது. "நீதான படிக்கிற புள்ள, என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லு" என்றார் பெரிய மாமா. முதல் பக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் புரிந்தது. நடுவில் 'டேக்ரான்' என்று ஒரு சொல் இருந்தது. அது மட்டும் எனக்குத் தெரியும். பாலியஸ்டர்! நம் பாடத்தில் வருவதுதான்.

அப்புச்சி கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: "ஏ அம்முணி, வவுத்துக்குள்ளார துணிய வெச்சுத் தெச்சுப் போட்டாங்களாமா. அது நைஞ்சு போயிராதா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாலியஸ்டர் மக்காதுங்க அப்புச்சி. நைஞ்சும் போகாது. நீங்க கவலப்படாதீங்க" என்று சொல்லித் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி அந்தத் தாளின் நாலாம் பக்கத்தில் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. அந்த மீதியையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டியூப் ஏன் புடைக்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் ரத்தக்குழாயையும் 'நரம்பு' என்றுதான் சொல்கிறோம். உண்மையில் நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு. நரம்பு செய்தி கொண்டுபோகும் கம்பி. ரத்தக்குழாயில் இரண்டு வகை உண்டு. இருதயத்திலிருந்து அழுத்தத்தோடு ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. திரும்பக் கொண்டுவருவது சிரை. தமனிகளுக்கெல்லாம் தாய் பெருந்தமனி. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 சென்டிமீட்டர். தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் போகிறது.

சைக்கிள் டயரில் ஓரிடம் வெட்டுப்பட்டால் அந்த வழியாக டியூப் புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருந்தமனியிலும் அதேதான் நடக்கிறது. அதன் சுவரில் எலாஸ்டின், கொலாஜன் என்ற இரண்டு நார்கள் இருக்கின்றன. எலாஸ்டின் நீண்டு சுருங்கும் ரப்பர் மாதிரி. கொலாஜன் நீளாமல் பிடித்து நிறுத்தும் கயிறு மாதிரி. வயதாகும்போதும், புகை பிடிக்கும்போதும் இந்த நார்கள் அரிக்கப்படுகின்றன. போன எலாஸ்டினைப் பெரியவர்களின் உடம்பு திரும்ப உருவாக்குவதில்லை. சுவர் தளர்ந்து குழாய் புடைக்கிறது. இதற்கு 'அனூரிசம்' என்று பெயர். வயிற்றுப் பெருந்தமனி 3 சென்டிமீட்டரைத் தொட்டாலே அனூரிசம் என்று கணக்கு.

புடைத்தால் என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? இங்கேதான் இயற்பியல் வருகிறது. குழாய்ச் சுவரில் விழும் இழுவிசை, உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குழாயின் ஆரத்தையும் பெருக்கி, சுவரின் தடிமனால் வகுத்தால் கிடைப்பது. 2 சென்டிமீட்டர் குழாய் 6 சென்டிமீட்டர் ஆனால், அதே ரத்த அழுத்தத்தில் இழுவிசை மூன்று மடங்கு. புடைக்கும்போது சுவரும் மெலிகிறதே! அது பாதியாக மெலிந்தால் ஆறு மடங்கு. அதாவது பெருசாகப் பெருசாக இன்னும் பெருசாவதற்கே வழி பண்ணிக்கொள்கிறது. இதன்மேல் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் நாடித்துடிப்பு வந்து மோதுகிறது. எந்தப் பொருள்தான் தாங்கும்?

கொடுமை என்னவென்றால் பெரும்பாலும் வலியே இருக்காது. வெடிக்கும் நாளில்தான் தெரியும். வெடித்தால் பலர் ஆஸ்பத்திரி வாசலைக்கூட எட்டுவதில்லை. அதனால்தான் ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரும், பெண்களுக்கு சுமார் 5 சென்டிமீட்டரும் வந்தால் வெடிக்கும் முன்பே சரிசெய்துவிடப் பார்க்கிறார்கள். அதற்குச் சின்னதாக இருந்தால் அவசரப்பட்டு வெட்டுவதில் லாபமில்லை, கவனித்து வந்தால் போதும் என்று 1998இல் பிரிட்டனிலும் 2002இல் அமெரிக்காவிலும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. எங்கள் அப்புச்சிக்கு 6.3 இருந்தது.

கட்டிப்போட்ட காலம்

அந்தக் காலத்தில் இதற்கு ஒரே வைத்தியம்தான். புடைப்புக்கு மேலே கயிறு போட்டுக் கட்டிவிடுவது. 1785இல் லண்டனில் ஜான் ஹன்டர் ஒரு வண்டிக்காரரின் முழங்காலுக்குப் பின்னால் இருந்த புடைப்புக்காகத் தொடைத் தமனியைக் கட்டினார். பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாக ரத்தம் போய், கால் பிழைத்தது. ஆனால் பெருந்தமனியைக் கட்டினால்? 1817இல் ஆஸ்ட்லி கூப்பர் என்பவர் துணிந்து கட்டினார். நோயாளி இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

கட்டக் கூடாது, ஒட்டுப்போட வேண்டும். ஒட்டுப்போட வேண்டுமானால் ரத்தக்குழாயைத் தைக்கத் தெரிய வேண்டும். ரத்தம் கசியவும் கூடாது, உள்ளே உறையவும் கூடாது. அந்தத் தையலைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் நாட்டு அலெக்சிஸ் கேரல். அவர் யாரிடம் ஊசி பிடிக்கக் கற்றார் தெரியுமா? பட்டுக்குப் பேர்போன லியோன் நகரில் பூவேலை செய்யும் ஒரு பெண்மணியிடம்! அந்தத் தையலுக்கும் உறுப்பு மாற்று ஆராய்ச்சிக்கும் 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பூவேலைக்காரப் பெண்ணுக்குப் பரிசில் பங்கில்லை. இருந்தாலும் நாம் நினைத்துப் பார்க்கலாம்.

1951இல் பாரிசில் சார்ல்ஸ் துபோ, வயிற்று அனூரிசத்தை வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் பெருந்தமனியை அந்த இடத்தில் தைத்தார். வெற்றிதான். ஆனால் தேவைப்படும்போதெல்லாம் இறந்தவர் குழாய்க்கு எங்கே போவது? நாளடைவில் அந்தக் குழாய்களும் கெட்டன.

அதே காலத்தில் வாழ்ந்த ஐன்ஸ்டீனுக்கும் வயிற்றில் அனூரிசம் இருந்தது. 1948இல் ருடால்ஃப் நிசன் என்ற டாக்டர் அதைச் சுற்றி செலோஃபேன் தாளைப் போர்த்திவிட்டார். தாள் உறுத்தி, சுற்றிலும் தழும்பு வளர்ந்து, சுவர் கெட்டிப்படும் என்பது கணக்கு. ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1955 ஏப்ரலில் அது கசிந்தபோது அவர் ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதே மாதம் 18ஆம் தேதி, 76 வயதில் இறந்தார்.

தையல் மிஷினில் பிறந்த குழாய்

இனி வருவது நம் துறைக் கதை.

1947இல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் டாக்டர் ஒன்றைக் கவனித்தார். ஒரு நாயின் இருதயத்துக்குள் தவறி நின்றுபோன பட்டு நூலைச் சுற்றி, சில மாதங்களில் வழவழப்பான ஒரு படலம் மூடியிருந்தது. ஒரு நூலை உடம்பு இப்படி மூடிக்கொள்ளும் என்றால், ஒரு துணிக் குழாயையும் மூடிக்கொள்ளாதா? இப்படி யோசித்து, வினியோன் என்ற செயற்கைத் துணியைத் தையல் மிஷினில் குழாயாகத் தைத்தார். 1952இல் அந்த ஆராய்ச்சி வெளியானது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இருந்தவர் மைக்கேல் டிபேக்கி. லெபனானிலிருந்து குடியேறிய குடும்பம். சிறு வயதில் அம்மாவிடம் தையல் கற்றவர். குழாய் தைக்க நைலான் வாங்கலாம் என்று ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனாராம். நைலான் தீர்ந்துபோச்சு, டேக்ரான் என்று புதுசா ஒண்ணு வந்திருக்கு, வேணுமா என்றார்களாம். வாங்கி வந்து வீட்டுத் தையல் மிஷினிலேயே தைத்துப் பார்த்தார். 1954இல் அதை மனிதருக்கு வைத்தார். இது அவரே பலமுறை சொன்ன கதை. பிற்பாடு பார்த்தால், கடையில் நைலான் இல்லாமல் போனதும் நல்லதுக்குத்தான். நைலான் உடம்புக்குள் நாளாக ஆக வலு இழக்கிறது. டேக்ரான் நிலைத்து நின்றது.

டேக்ரான் வேறு எதுவுமில்லை. 1941இல் இங்கிலாந்தின் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியஸ்டருக்கு அமெரிக்கக் கம்பெனி வைத்த பெயர். இங்கிலாந்துப் பெயர் டெரிலின். நம் தாத்தாக்கள் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட அதே டெரிலின் சட்டை! அப்புச்சியிடம் இதைச் சொன்னபோது, "அப்ப எங்கல்யாணச் சட்டையத்தான் உள்ளார வெச்சிருக்காங்கன்னு சொல்லு" என்று சிரித்தார்.

வெட்டித் தைத்த குழாயில் தையல் ஓரம் ஒரு பலவீனம். தையலே இல்லாத குழாய் வேண்டும். அதற்கு டிபேக்கி டாக்டர்களைத் தேடிப் போகவில்லை. பிலடெல்பியா ஜவுளிக் கல்லூரியைச் சேர்ந்த தாமஸ் எட்மன் அதற்கான பின்னல் மிஷினை உருவாக்கிக் கொடுத்தார். தோழர்களே, ஜவுளி படித்தால் மில் வேலை மட்டும்தான் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பின்னலா, நெசவா?

நெய்த துணியில் பாவும் ஊடையும் நெருக்கி நிற்பதால் கசிவு குறைவு. ஆனால் வெட்டின ஓரம் பிசிறு விடும், விறைப்பாக இருக்கும். பின்னிய துணி பனியன் மாதிரி மெத்தென்று இருக்கும், ஊசி சுலபமாக இறங்கும். ஆனால் கண்ணிகள் வழியே ரத்தம் ஒழுகும். ஆகவே முன்பெல்லாம் தைப்பதற்குமுன் நோயாளியின் ரத்தத்திலேயே குழாயை நனைத்து, அது உறைந்து கண்களை அடைத்த பிறகுதான் பொருத்துவார்கள். பின்னர் கம்பெனியிலேயே கொலாஜன் அல்லது ஜெலட்டின் பூசி அடைத்துத் தந்தார்கள். நாம் பாவுக்குக் கஞ்சி போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. சில மாதங்களில் பூச்சு கரைந்து போகும். அதற்குள் உடம்பின் திசு கண்களுக்குள் வளர்ந்துவிடும்.

இன்னொன்று. குழாயை வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளக் கூடாது. அதற்காக வாஷிங் மிஷின் தண்ணீர்க் குழாய் மாதிரி வரி வரியாகச் சுருக்கம் வைத்துச் சூட்டில் நிலைநிறுத்துகிறார்கள். பாலியஸ்டரைச் சூட்டில் நிலைப்படுத்துவது நமக்குத் தெரிந்த பாடம்தானே!

வயிற்றைக் கிழிக்காமலே

துணிக்குழாய் நல்லதுதான். ஆனால் அதை வைக்க வயிற்றை நெடுகத் திறக்க வேண்டும். பெருந்தமனியைக் கிடுக்கி போட்டு நிறுத்த வேண்டும். வயதானவர்களில் பலரால் தாங்க முடியாது. தொடை வழியாக உள்ளே அனுப்ப முடியாதா?

1987இல் அன்றைய சோவியத் யூனியனின் கார்க்கிவ் நகரில் நிக்கோலாய் வொலொதோஸ் நெஞ்சுப் பகுதிப் பெருந்தமனியில் இதைச் செய்து காட்டினார். வெளியுலகத்துக்கு அது நெடுநாள் எட்டவில்லை. 1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி வயிற்று அனூரிசத்துக்குச் செய்தார். டேக்ரான் குழாயின் முனையில் ஓர் உலோக வலையைத் தைத்து, ஒல்லியாகச் சுருட்டி, தொடைத் தமனி வழியாக மேலே தள்ளி, எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொண்டே சரியான இடத்தில் விரித்தார். உள்ளே குடை விரிந்த மாதிரி! புடைப்பு அப்படியே இருக்கும். ஆனால் ரத்தம் புதுக் குழாய்க்குள் ஓடும். புடைத்த சுவரில் அழுத்தம் விழாது.

இப்போது பெரும்பாலும் அந்த வலை நிட்டினால் என்ற நிக்கல், டைட்டானியம் கலவையில் வருகிறது. உடம்புச் சூட்டில் தன் பழைய வடிவத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு விரியும் உலோகம் அது. 2004இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷன் முடிந்து 30 நாளுக்குள் இறந்தவர்கள், வயிற்றைத் திறந்த முறையில் நூற்றுக்கு 4.7, தொடை வழி முறையில் 1.7.

அப்படியானால் எல்லோருக்கும் இதையே செய்துவிடலாமே? அவசரப்படாதீர்கள். அதே நோயாளிகளைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு வேறு மாதிரி இருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தொடை வழி செய்தவர்களிடம்தான் இறப்பு கூடுதல். குழாய் நழுவுவது, ஓரத்தில் கசிவது, பழைய புடைப்பு திரும்ப நிரம்பி வெடிப்பது என்று தொல்லைகள். ஆகவே இந்த முறையில் செய்துகொண்டவர் ஆயுள் முழுக்க ஸ்கேனுக்குப் போய் வர வேண்டும். தவிரவும், அனூரிசத்துக்கு மேலே வலை பிடித்து நிற்க நல்ல சுவர் கொஞ்சமாவது வேண்டும். எங்கள் அப்புச்சிக்கு அந்த இடம் குட்டையாக இருந்ததாம். அதனால் வயிற்றைத் திறந்து, இரண்டு கால் உள்ள டேக்ரான் குழாயைப் பேன்ட் மாதிரி வைத்து, அடிமுனைகளை இரண்டு தொடை இடுக்கிலும் தைத்தார்கள்.

நைந்து போகாது, ஆனால்...

ஆபரேஷன் முடிந்து பதினோரு மாதம் நன்றாக இருந்தார். டீக்கடை வரை நடந்து போனார். அப்புறம் சாயந்தரமானால் லேசாகக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை. பக்கத்தில் ஊசி போட்டோம், இரண்டு நாள் விட்டது, மறுபடி வந்தது. வலது தொடை இடுக்கில், பழைய தழும்பின்மேல், கொப்புளம் மாதிரி வீங்கி நீர் கசிந்தது. வெயில் கட்டி என்று மஞ்சள் பூசினாள் அம்மாயி. இப்படியே ஐந்து வாரம் போய்விட்டது. ஒரு ராத்திரி நடுக்கம் கண்டபோதுதான் அலமாரியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு நாலாம் பக்கத்தைப் படித்தேன். காய்ச்சல் வந்தாலோ, தழும்பில் நீர் கசிந்தாலோ உடனே வரவும் என்று இருந்தது. 'உடனே' என்ற சொல்லின்கீழ் கோடு போட்டிருந்தது.

காலையில் கொண்டுபோனோம். ஸ்கேனில் குழாயைச் சுற்றி நீரும் காற்றுக் குமிழிகளும் தெரிந்தன. குழாயில் கிருமி பிடித்திருந்தது.

அங்கே ஒரு டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு எனக்கு விளக்கினார். அவர் சொன்னதையும் பிறகு நூலகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் தோலில் எப்போதும் கிருமிகள் உண்டு. நம் சதையில் அவை நுழைந்தால் ரத்தம் அங்கே ஓடுகிறது, ரத்தத்தில் வரும் வெள்ளை அணுக்கள் அடித்து விரட்டுகின்றன. துணிக்குழாய்க்கு உள்ளே ரத்தம் ஆறாக ஓடினாலும், துணியின் இழைக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அது உயிரில்லாத பொருள். ஒரு நூல் என்றால் எத்தனையோ மெல்லிழைகள், அவற்றுக்கிடையே எத்தனையோ இண்டு இடுக்கு! அங்கே ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி நாலு உட்கார்ந்தால் போதும், தன்னைச் சுற்றி ஒரு பிசின் படலத்தைக் கட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழவழவென்று படிகிறதே, அந்த மாதிரி. வெறும் தண்ணீர் ஊற்றினால் அது போகுமா? தேய்த்தால்தான் போகும். அதுபோல மருந்தும் அந்தப் படலத்துக்குள் சரியாக வேலை செய்வதில்லை.

ஊசி போட்டால் காய்ச்சல் விடும். ஏனென்றால் ரத்தத்துக்கு வந்த கிருமி செத்துவிடும். இழைக்குள் ஒளிந்தது சாகாது, மறுபடி கிளம்பும். எங்கள் வீட்டில் ஐந்து வாரமாக நடந்தது இதுதான். இந்தத் தொற்று ஆபரேஷன் முடிந்த சில வாரத்திலும் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம். தொடை இடுக்கில் முடியும் குழாய்களுக்கு ஆபத்து கூடுதல். அந்த இடம் வேர்த்து, கிருமி நிறைந்த இடம். இன்னும் மோசமானது, குழாய் குடலோடு உரசி ஓட்டை விழுவது. அப்போது முதலில் கொஞ்சம் ரத்த வாந்தியோ கறுத்த மலமோ வந்து நின்றுவிடும். நின்றுவிட்டதே என்று சும்மா இருந்தால், அடுத்தது பெருக்கெடுக்கும்.

பெரும்பாலான கணக்குகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே இந்தத் தொற்று வருகிறது. ஆனால் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கிருமி பிடித்த குழாயை என்ன செய்வது?

அடிப்படை விதி ஒன்றுதான்: முடிந்தவரை அந்தக் குழாயை எடுத்தாக வேண்டும். எடுத்தால் காலுக்கு ரத்தம் எப்படிப் போகும்? இதற்குப் பல வழிகளைக் கண்டிருக்கிறார்கள்.

ஒன்று, புறவழிச்சாலை. ஊருக்குள் ரோடு கெட்டால் பைபாஸ் போடுகிறோமே, அப்படி அக்குளிலிருந்து தோலுக்கடியில் ஒரு குழாயைத் தொடை வரை கொண்டுவந்து, கிருமி இருக்கும் இடத்தைத் தொடாமல் ரத்தத்தை அனுப்புவது. 1960களிலிருந்து நடப்பது. ஆனால் நீளமான குழாய் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு, மருந்துச் சாயம் ஏற்றிய குழாய். ரிஃபாம்பிசின் என்பது காச நோய் மருந்து, செக்கச்செவேல் என்று இருக்கும். ஜெலட்டின் பூசிய டேக்ரானை அதில் முக்கினால் ஜெலட்டின் மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும். அசல் சாயப்பட்டறை வேலை! கடுமையான கிருமிகளுக்கு இது மட்டும் போதாது.

மூன்று, பதப்படுத்தி உறையவைத்த மனிதத் தமனி, அல்லது மாட்டு இருதய உறையைக் குழாயாகச் சுருட்டித் தைப்பது.

நான்கு, நோயாளியின் சொந்தச் சிரை. தொடையின் ஆழத்தில் ஓடும் பெரிய சிரையை எடுத்துப் பெருந்தமனியின் இடத்தில் வைப்பது. அமெரிக்காவின் டாலஸ் நகர டாக்டர்கள் 1993இல் இதை விரிவாக எழுதினார்கள். உயிருள்ள சொந்தச் சதை என்பதால் கிருமியை எதிர்த்து நிற்கும். ஆனால் மணிக்கணக்கில் நடக்கும் பெரிய ஆபரேஷன். கால் வீங்கலாம்.

எந்த வழியானாலும் கெட்டுப்போன திசுவைச் சுத்தமாக எடுக்க வேண்டும். முடிந்தால் புதுக் குழாயின்மேல் குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையை இழுத்துப் போர்த்துகிறார்கள். ரத்த ஓட்டம் நிறைந்த அந்தத் திரைக்கு 'வயிற்றின் போலீஸ்காரர்' என்று பட்டப்பெயரே உண்டு. பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மருந்து.

எங்கள் அப்புச்சிக்கு நாலாவது வழி. ஏழு மணி நேரம். ஒன்பது நாள் தீவிர சிகிச்சை. ஆறு வாரம் ஊசி. கண் திறந்து பேச ஆரம்பித்ததும் அவர் கேட்டது: "துணி நைஞ்சு போச்சா அம்முணி?" நான் சொன்னேன்: "துணி நையலீங்க அப்புச்சி. அழுக்காயிருச்சு. உங்க தொடை ரத்தக்குழாயவே எடுத்து வெச்சிருக்காங்க."

ஆராய்ச்சி இத்தோடு நிற்கவில்லை. கரைந்துபோகும் நூலால் ஆன வலைக் குழாயில் மனித உயிரணுக்களை வளர்க்கிறார்கள். வலை கரைந்து, அணுக்கள் கட்டிய கொலாஜன் குழாய் மட்டும் மிஞ்சும். பிறகு அணுக்களையும் கழுவி எடுத்துவிடுவார்கள். யாருக்கும் பொருந்தும் குழாய் தயார். கை கால் விபத்துக் காயங்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு இப்படியொரு குழாயை அனுமதித்தது. நம் உடம்பின் அணுக்கள் அதற்குள் மெல்லக் குடியேறுகின்றன என்கிறார்கள். வூர்ஹீஸ் அன்று ஒரு பட்டு நூலில் பார்த்ததன் தொடர்ச்சி அல்லவா இது!

டிபேக்கியின் கடைசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 97 வயதில் அவருடைய பெருந்தமனியே உள்ளுக்குள் கிழிந்தது. 2006இல் அவரிடம் பயின்றவர்கள் டேக்ரான் குழாயை வைத்துத்தான் அவரைக் காப்பாற்றினார்கள். 2008இல், நூறு வயதுக்குச் சில வாரம் முன்பு காலமானார்.

நாலாம் பக்கம்

அப்புச்சிக்கு இப்போது வயது 73. தறிப்பக்கம் போவதில்லை. சாயந்தரத்தில் கால் வீங்குகிறது, தலையணைமேல் தூக்கி வைத்துக்கொள்கிறார். பீடியை விட்டுவிட்டார். அந்த ஐந்து வாரம் முன்கூட்டியே போயிருந்தால் இவ்வளவு பெரிய ஆபரேஷன் வேண்டியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "குழாயை எடுக்கத்தான் வேண்டியிருந்திருக்கும், ஆனால் இன்னும் தெம்போடு இருந்திருப்பார்" என்றார். அதை நான் மறக்கவில்லை.

அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் வரக்கூடியது, பிள்ளைகளையும் பார்க்க வேண்டும் என்று. பெரிய மாமாவுக்கு 52 வயது. அவரும் பீடிதான். "எனக்கு ஒண்ணுமில்ல புள்ள, நான் கல்லு மாதிரி இருக்கறேன்" என்று ஆறு மாதம் தட்டிக் கழித்தார். போன பொங்கல் லீவில் நானே கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, வலியும் இல்லை. 3.4 சென்டிமீட்டர். இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், வருஷம் ஒரு தடவை அளந்து பார்க்க வேண்டும், பீடியை விட வேண்டும், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்றார்கள். பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்கள் எல்லோரையும் இந்த ஸ்கேனுக்கு அழைக்கிறார்கள். நம் வீட்டில் அழைப்பதற்கு நாம்தான் இருக்கிறோம்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். பேங்க் பாஸ்புத்தகம், கரண்ட் பில், ரேஷன் கார்டு எல்லாம் நம் கைக்கு வருகிற மாதிரி ஒருநாள் ஆஸ்பத்திரித் தாளும் வரும். முழுக்கப் புரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். புரிந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்னைப் போலப் பெருமையாகப் பதில் சொல்லிவிடவும் வேண்டாம். அகராதியைப் புரட்டுங்கள், ஆசிரியரைக் கேளுங்கள், தாளை எடுத்துக்கொண்டு போய் அதே டாக்டரைக் கேளுங்கள். கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

மாமாவின் ஸ்கேன் தாளையும் நான்தான் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கடைசி வரி வரை படித்துத் தமிழில் எழுதி, தறிப்பட்டறைச் சுவரில் காலண்டர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த ஸ்கேன் வரும் தை மாதம்.



— மூன்றாம் ஆண்டு மாணவி, ஜவுளித் தொழில்நுட்பத் துறை